துணித்தட்டு சரியில்லை

முட்டிக்கு மேலே வெட்டுவதா கீழே வெட்டுவதா என்று கத்திரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், மடியில் எங்கள் வீட்டுக்காரரின் ஜீன்ஸ் பேண்ட். முட்டியில் துணி தேய்ந்து மெலிந்திருக்கும், அதில் தட்டு கட்டி மோதிரக் கல்லைப் பாலிஷ் போட அழுத்தினால் அடியில் வைக்கிற ரப்பர் வந்து இடிக்கும், தொடைப் பக்கம்தான் கனம், ஆனால் தொடையில் கத்திரி வைத்துவிட்டால் அப்புறம் இது பேண்ட் இல்லை, கந்தல். கொடுத்தவருக்கு அந்தக் கவலை கிடையாது. காலையில் வெள்ளக்கோவிலுக்கு எழவு விசாரிக்கக் கிளம்பும்போது, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கொடியில் கிடந்த இதை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, "இதையும் வெட்டிக்க அம்மிணி. நா என்ன கலெக்டர் ஆபீசுக்கா போகப் போறேன்" என்றார். கொஞ்ச நாளாக இதே கூத்துதான். முதலில் இன்னொரு பேண்ட் போயிற்று, பிறகு என் பழைய தோல் கைப்பை போயிற்று, பிறகு கம்பளிப் போர்வையில் ஒரு மூலை போயிற்று, எதை வெட்டித் தட்டு செய்து பாலிஷ் போட்டாலும் கல் மங்கலாகவே இருக்கிறது. கல்லில் இருக்கிற மங்கலா, என் கண்ணில் இருக்கிற மங்கலா, அதுதான் கேள்வி. கேட்டுவிட்டேன். மனதுக்குள் கேட்பதற்கு என்ன பயம். பதிலை யாரும் இப்போதே சொல்ல வேண்டாம், முதலில் துணியை வெட்டுவோம், தொடைப் பக்கமே வெட்டுவோம், நடப்பது நடக்கட்டும். அவர் கல்லை அறுத்து உருட்டிக் கொடுப்பார், நான் பாலிஷ் போடுவேன், கல்யாணம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் ஏற்பாடு. ரசத்தில் உப்புப் போதவில்லை என்று சொல்வார், பாலிஷில் வாயைத் திறக்க மாட்டார், திறக்க நான் இடம் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட மயிலாத்தாள் ஒரு புளியங்கொட்டை அளவு கல்லை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். அதுவும் பட்டறைக் காலத்துச் சிநேகிதி ஜெய்தூனுடைய மூன்ஸ்டோன் கல். மோதிரத்துக்கு வேண்டும் என்று கொடுத்தனுப்பினாள், வாங்கிப்போக நாளைக்கு வருகிறாள். கல்லைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். கல்லை அவளிடமிருந்து மறைத்தாலும் மறைக்கலாம், முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது.

வட்டம் வெட்டுவதற்கு அளவுகோல் எதுவும் வேண்டாம், ப்ளைவுட் வட்டத்தைத் துணிமேல் கவிழ்த்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே நாலு விரல் விட்டு வெட்ட வேண்டும், ஓரத்தைப் பின்பக்கமாக மடித்து இழுத்துக் கட்டுவதற்கு. கோடு தெரிகிறது. நீலத் துணியில் வெள்ளைக் கோடு நன்றாகவே தெரிகிறது, தெரிகிறதே, கண் கெட்டவளுக்கு இத்தனை நன்றாகக் கோடு தெரியுமா. கடையில் கம்பெனித் தட்டு விற்கிறார்கள், பேட் என்று பெயர், நாங்கள் அதை வாங்கியதே இல்லை, கடை இட்லிப்பொடிக்கும் வீட்டில் இடித்ததற்கும் உள்ள வித்தியாசம் அதற்கும் உண்டு. பலகைமேல் பழைய ஹவாய் செருப்பின் ரப்பர், ரப்பர்மேல் துணி, அவ்வளவுதான் துணித்தட்டு. செருப்பை உரசிக் கழுவி, குதிகால் பக்கத்தையும் முன்பக்கத்தையும் அறுத்து ஒட்டுப்போட்டு வட்டமாக்கிவிடுவேன். ரப்பர் எதற்கென்றால், கல் உருண்டை, பலகை தட்டை, இரண்டுக்கும் நடுவே விட்டுக்கொடுக்கிற ஆள் ஒன்று வேண்டும். எங்கள் வீட்டில் அது யார் என்பதில் முப்பது வருஷமாக வழக்கு. பசையைத் தடவிவிட்டேன், ரப்பரை ஒட்டிவிட்டேன், மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டேன், இனிக் காத்திருப்பதுதான் வேலை, காத்திருக்கும்போதுதான் இந்தப் பாழும் மனது ஊர் மேயப் போகிறது. தட்டுக்குத் தட்டு தனி உறை வைத்திருக்கிறேன், கல் தேய்க்கிற கரகரப்பொடி பட்ட கையால் பாலிஷ் தட்டைத் தொட மாட்டேன், முந்தானைகூடப் பட விட மாட்டேன், ஒரே ஒரு மணல் துணிக்குள் போய் உட்கார்ந்தால் போதும், கல் முழுக்கக் கோடு கோடாகக் கீறிவிடும். கீறல் வந்தால் தட்டின் குற்றம், அது இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தக் கல்லில் கீறல் இல்லை. விரல் நுனியால் தடவிப் பார்த்தேன், நகத்தால் இழுத்துப் பார்த்தேன், வெண்ணெயாக இருக்கிறது. ஒரு கீறல் இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும், பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் கீறலுக்கு ஆசைப்படுகிறேன். ஆனால் மங்கலுக்கும் காரணங்கள் இருக்கின்றன, துணி தளர்ந்திருந்தால் மங்கும், தட்டு காய்ந்தால் மங்கும், அவர் முந்தின தேய்ப்பை அவசரமாக முடித்திருந்தால் மங்கும், அவரேதான் சொன்னாரே, "துணித்தட்டு செரியில்ல அம்மிணி, வேற செஞ்சுக்க" என்று. ஒவ்வொரு தட்டுக்கும் அதையேதான் சொன்னார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கல்லைப் பார்த்துவிட்டுத்தானே சொன்னார். பார்த்தாரா? பார்த்தார், பார்த்தார், கையில் வாங்கினார், திருப்பிக் கொடுத்தார்.

பட்டறையில் இருந்த காலத்தில் தட்டுக்குத் துணி தேடுவதுதான் எங்களுக்குத் திருவிழா. தகரக் கொட்டகை, சுவரோரமாகப் பாலிஷ் போடுகிற பெண்கள், எதிரே கல் அறுக்கிற ஆண்கள், நடுவில் ரேடியோ, அது பாடுகிறதா இருமுகிறதா என்று சாணைச் சத்தத்தில் தெரியாது. என் பக்கத்துச் சக்கரம் ஜெய்தூன். இரண்டு பேருக்கும் மூக்குக் குத்தின வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது. எதைக் கண்டாலும் இது தட்டுக்கு ஆகுமா என்று தடவிப் பார்க்கிற புத்தி எங்களுக்கு அப்போது வந்ததுதான், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டை ஜெய்தூன் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பளிதாண்டி மயிலு, நாலு தட்டு வரும்" என்று என் காதில் சொல்ல, நான் சிரித்த சிரிப்பில் பெண் வீட்டார் இன்னும் எங்களோடு பேசுவதில்லை. அவள் தன் அண்ணனின் பள்ளிக்கூடத் தோல்பையை வெட்டினாள், அடி வாங்கினாள். நான் குடைத்துணியை வெட்டினேன், அது வழுக்கியது, பொடியைப் பிடிக்கவே இல்லை. டைலர் கடைக் கந்தல், சினிமாக் கொட்டகையில் கிழிந்த சீட்டின் அடித்துணி, ஹார்மோனியத்துக்குள் இருக்கிற கம்பளி, அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தட்டு செய்து முடித்ததும் முதல் கல்லை யார் போடுவது என்று சண்டை. போட்டு எடுத்து, துடைத்து, லென்சைக் கண்ணில் செருகிப் பார்க்கும்போது கல்லுக்குள் அந்த நீல மேகம் அசையும், மூன்ஸ்டோனுக்கு உள்ளேயே ஒரு மேகம் உண்டு, கல்லைத் திருப்பத் திருப்ப நகரும், அது கல்லோடு பிறந்தது, மேலே பாலாடை மாதிரி படிகிற மங்கல் வேறு. உள்மேகத்தையும் மேல்மங்கலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள் வேறு வேலை பார்க்கலாம் என்று நானே எத்தனை பேரிடம் வாய்க்கொழுப்பாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் அப்போது எங்கள் வீட்டுக்காரர் இல்லை, எதிர்ச் சாரியில் கல் அறுக்கிற நாச்சிமுத்து, வேண்டாத பேச்சை ஒருநாளும் பேசாத ஆள். நான் பாலிஷ் போட்ட கல்லை அவரே திருப்பிக் கொண்டுவந்து, "துணித்தட்டு செரியில்லீங்க, இன்னொருக்காப் போட்டுக் குடுங்க" என்பார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும், தட்டைப் பிரித்துப் புதுசாகக் கட்டுவேன், மறுபடி போடுவேன், மறுபடி வந்து நிற்பார். ஒருநாள் ஜெய்தூன் கல்லைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "கல்லு கண்ணாடியாட்டம் இருக்குது. இந்த அண்ணனுக்கு உன்னய வந்து பாக்காட்டிப் பொழுது போகல" என்று கொட்டகையே கேட்கும்படி சொல்லிவிட்டாள். அவர் காது சிவந்தது எனக்கு இப்போதும் தெரிகிறது, அவ்வளவு தூரத்தில் இருந்து, சாணைத் தூசியைத் தாண்டி, அந்தக் காது அப்படித் தெளிவாகத் தெரிந்தது. எவ்வளவு நல்ல கண் எனக்கு இருந்தது.

இருந்தது என்று ஏன் சொன்னேன், இருக்கிறது. பசை இன்னும் காயவில்லை, ஓரத்தில் அமுக்கினால் பிதுங்குகிறது. அந்தக் காலத்துத் தட்டுகளிலேயே ராஜா எது என்று கேட்டால் ஜெய்தூனும் நானும் ஒரே பதில்தான் சொல்வோம், எங்கள் அப்பா கடையின் டீ வடிகட்டுகிற துணி. பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்கு டீக்கடை. தினமும் கொதிக்கிற டிகாஷனில் ஊறி, பிழிபட்டு, துவைபட்டு, அந்தத் துணி செம்மண் நிறத்தில், குழந்தையின் காது மடல் பதத்துக்கு வந்திருக்கும். புதுத்துணி மாற்றும்போது பழையதை நான் கேட்டு வாங்கிவந்துவிடுவேன். அதில் கட்டின தட்டில் போட்ட கல் பளீரென்று இருக்கும், பட்டறை முழுக்க டீ வாசனை அடிக்கும், பொழுதோடு எல்லோருக்கும் டீ குடிக்க வேண்டும் போலிருக்கும். அப்பா டீ ஆற்றுவதைப் பார்க்கவே ஆள் வரும். தலைக்கு மேலே ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை, நடுவில் பழுப்புக் கயிறாக டீ. அந்தக் கயிறுதான் ஒருநாள் கிளாசுக்கு வெளியே விழுந்தது. அப்பா கிளாசைத் திட்டினார், வாய் சின்னதாகிவிட்டதாம், பெரிய கிளாஸ் வாங்கினார். பிறகு பெஞ்சைத் திட்டினார், ஆடுகிறதாம், அடியில் செங்கல் வைத்தார். பிறகு பல்பு. வெளிச்சம் போதவில்லை என்று பல்பை மாற்றினார், அதைவிடப் பெரிய பல்பு போட்டார், அதைவிடவும் பெரியது, கடைசியில் எங்கள் கடை தேர்த்திருவிழாக் கடை மாதிரி ஜெகஜ்ஜோதியாக எரிந்தது, ஈசல் வந்து டீயில் விழுந்தது, "ஈசல் டீ ஒண்ணு போடுங்க" என்று கண்டக்டர்கள் கேலி செய்தார்கள், நானும் சிரித்தேன், எல்லோரும் சிரித்தோம். இப்போதும் சிரிப்பு வருகிறது. பாவம், பல்பு என்ன செய்யும், கிளாஸ் என்ன செய்யும், மனுஷனுக்குத் தன் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் குற்றமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு பேண்ட், ஒரு கைப்பை, போர்வையில் ஒரு மூலை. சிரிப்பு நின்றுவிட்டது. கோயமுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குப் போகிற நரம்பு காய்ந்துவிட்டது, முன்னாடியே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனிச் செய்வதற்கில்லை என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, இது பிள்ளைகளுக்கும் வரக்கூடிய சங்கதி, நீங்கள் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டும் என்றார், நான் தலையை ஆட்டினேன், ஆட்டின தலையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கடைசிக் காலத்தில் அப்பா இங்கேதான் இருந்தார், இதோ இந்த மூலையில் கட்டில். மத்தியானம் சோறு போட்டுக் கூப்பிட்டால், "விடிஞ்சுதா மயிலு?" என்று கேட்பார். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியாது. மற்றதெல்லாம் தாங்குவேன். அப்பாவுக்கு ஆரம்பத்தில் மங்கலாகத் தெரிந்ததா, ஓரம் மறைந்ததா, எப்படித் தெரிந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் இப்போது ஒத்துப் பார்க்கலாம்.

பசை பிடித்துவிட்டது. துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ரப்பர்மேல் விரித்து, பலகையைத் திருப்பிப் போட்டு, சணல் கயிற்றால் சுற்றி இழுத்து, முழங்காலை ஊன்றி இன்னும் இழுத்து முடிச்சுப் போட்டேன், காயக் காயத் துணி தானே இறுகும், விரலால் சுண்டினால் உடுக்கைச் சத்தம் வர வேண்டும். கொல்லைப்புறத்து வெயில் நல்ல வெயில், சீக்கிரமே காய்ந்தது. சுண்டினேன், வந்தது சத்தம். காது நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் குழைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் துணிமேல் தடவ வேண்டும், கோலமாவுப் பதம், அதிகம் தடவினால் சிதறும், குறைந்தால் சூடேறும். தடவும்போது கை தானாகச் செய்கிறது, கண்ணே தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டுகூட என்னால் தட்டு செய்ய முடியும். ஏன் இப்படியெல்லாம் நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டிய அவசியம் என்ன வந்தது. லென்ஸ் மேஜைமேல் இருக்கிறது. கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் வைத்துக்கொள்கிற மாதிரி கண்குழியில் செருகுகிற லென்ஸ், எனக்கு எப்போதும் இடது கண்தான், வலது கையில் கல், இடது கண்ணில் லென்ஸ், பட்டறையில் முதல்நாள் எப்படி வைத்தேனோ அப்படியே பழகிவிட்டது, இடது புருவத்துக்குக் கீழே அது உட்கார்ந்து உட்கார்ந்து காய்ப்புக்கூட இருக்கிறது. ஜெய்தூனுக்கு வலது. கல் போடுகிற ஒவ்வொருத்திக்கும் ஒரு லென்ஸ் கண் உண்டு, அதை மாற்ற மாட்டாள், மாற்றினால் கல் வேறு கல்லாகத் தெரியும் என்போம், அது ஒரு சாக்கு, மாற்றிப் பார்க்கலாம், மாற்றினால் என்ன, கையால் எடுத்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைக்க வேண்டும், மூக்கின் அகலம்தான் தூரம். ஒரு நிமிஷத்து வேலை. இத்தனை பேண்ட் வெட்ட வேண்டியதில்லை, இத்தனை பசை வேண்டியதில்லை. வலது கண்ணில் வைத்துப் பார்த்தால் கல்லா கண்ணா என்று தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதுதான் தொந்தரவு. தட்டு சரியில்லை என்றால் வேறு தட்டு செய்யலாம். முதலில் இந்தத் தட்டைப் பார்ப்போம், இது நல்ல துணி, தொடைத் துணி, இதில் வராமலா போகும்.

தட்டைச் சக்கரத்தில் மாட்டி மோட்டாரைப் போட்டேன். அரக்கு வைத்துக் குச்சியில் ஒட்டின கல்லைத் தட்டில் வைத்ததும் அந்தச் சத்தம், முதலில் சரசர, பிறகு சரசர அடங்கி ஒரு முனகல், துணி கல்லைப் பிடித்துக்கொண்டால்தான் அந்த முனகல் வரும், கையில் லேசாக இழுக்கும், விடாதே என்று இழுக்கும். இந்த இழுப்பு எனக்குப் பிடிக்கும். என் வாழ்க்கையில் நல்ல பொழுதெல்லாம் இந்த இழுப்பில்தான் போயிருக்கிறது, கர்ப்பமாக இருந்தபோது போட்டிருக்கிறேன், கலைந்த பிறகும் போட்டிருக்கிறேன், அப்பாவை எடுத்துக்கொண்டு போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பின பிறகு இங்கே வந்து உட்கார்ந்து போட்டேன், எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். கண் போய்விட்டால் இந்தச் சக்கரம் என்ன ஆகும், இதன்மேல் துணியைப் போட்டு மூடிவிடுவார்கள், துணிமேல் ஊறுகாய் ஜாடி வைப்பார்கள். வேறு யாராவது வந்து உட்காருவார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. நான் நல்ல மனுஷி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கல் சூடாகிறது, எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், போதும். ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் துடைத்து, ஜன்னலோரம் வந்து, லென்சை இடது கண்ணில் செருகினேன். மேகம் இருக்கிறது. மேகத்துக்கு மேலே பாலாடையும் இருக்கிறது. லென்சைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி செருகினேன், பாலாடை அங்கேயே இருக்கிறது. கொல்லைக் கதவு சத்தம். வந்துவிட்டார்.

எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார், கொல்லைப்புறமாகவே வந்து தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிறார், பொழுது இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் கல்லை ஏந்திக்கொண்டு ஓடினேன். "ஏனுங்க, இதக் கொஞ்சம் பாருங்க." அவர் இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தார். "தொடாத, தொடாத. குளிக்கோணும்." "தொட வேண்டாமுங்க, அங்கிருந்தே பாருங்க. மங்கலா இருக்குதா, இல்லீங்களா?" "ஆமா, மங்கலாத்தான் இருக்குது. துணித்தட்டு செரியில்ல அம்மிணி. நாளைக்கு வேற செஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிச் சொம்பை எடுத்துக்கொண்டார். எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை, அவர் மேல் ஓடிப்போய் விழலாம் போல, தீட்டாவது ஒன்றாவது என்று. மங்கலாம்! கல்தான் மங்கலாம்! என் கண் இல்லை, கல், பாழாய்ப்போன கல், இந்தச் சனியனுக்கா நான் இத்தனை பயந்தேன். உள்ளே வந்து கல்லுக்கு ஒரு முத்தம்கூடக் கொடுத்தேன். ஜெய்தூனிடம் சொல்லிவிடலாம், இரண்டு நாள் கழித்து வாங்கிக்கொள்ளடி என்று. அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் வைக்கலாமா என்று நினைத்தேன், அவர் பச்சைத் தண்ணீரிலேயே ஊற்றிக்கொள்ளத் தொடங்கிவிட்டார், சத்தம் கேட்கிறது. தொட்டிக்கும் நான் நின்ற படிக்கும் நடுவில் துணி துவைக்கிற கல் இருக்கிறது, கறிவேப்பிலை மரம் இருக்கிறது. புளியங்கொட்டை அளவு கல். பொழுது இறங்கின நேரம். அங்கே நின்றுகொண்டு, கையில் வாங்காமல், மங்கலா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும். யாராலும் முடியாது. என் நல்ல காலத்தில் என்னாலேயே முடியாது. அவர் கல்லைப் பார்க்கவே இல்லை. இந்த நாள்களில் ஒருநாளும் பார்க்கவில்லை, வாங்கினார், கொடுத்தார், அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை. தண்ணீர்ச் சத்தம் நின்றது. நான் லென்சை எடுத்தேன். மூக்கின் அகலம்தான் தூரம். வலது கண்ணில் செருகி, கல்லை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினேன். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றும் கல்மேல் வளைந்து நிற்கிறது, கம்பிக்கு நடுவே சிவந்த வானம் துளியாக நிற்கிறது, அடியில் மேகம் நீலமாக நகர்கிறது, மேலே ஒன்றுமே இல்லை. இவ்வளவு நல்ல பாலிஷை நான் போட்டு நாளாயிற்று.

ஈர வேட்டியை மாற்றிக்கொண்டு அவர் வந்தபோது நான் சக்கரத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், லென்ஸ் இன்னும் வலது கண்ணில் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "எப்பருந்துங்க தெரியும்?" என்றேன். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். "கேக்கறனல்லங்க." "ஆடி நோம்பி அன்னிக்கு ஊசி கோக்கறதுக்கு பக்கத்தூட்டுப் புள்ளயக் கூப்புட்டீல்ல, அப்பருந்து" என்றார். "அப்பறம் எதுக்கு துணித்தட்டு செரியில்ல, துணித்தட்டு செரியில்லன்னு சொல்லிச் சொல்லி வெட்ட உட்டீங்க? உடுத்தறதுக்கு ஒரு பேண்ட் இல்லாமப் பண்ணிப்போட்டனே." "பேண்ட் போனாப் போகுது." எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ, கோபத்துக்கு அடியில் இவர் எனக்காக இப்படி ஒரு நாடகம் ஆடியிருக்கிறாரே என்று ஒரு பெருமையும் இருந்தது, இருபது வயதுக்காரிக்கு வர வேண்டிய பெருமை. "என்ற மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொன்னீங்களாக்கும்" என்றேன். அவர் வாசல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், துண்டைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருக்கிறார். "உனக்காகன்னு நெனச்சுக்கிட்டயா" என்றார். "உங்கொப்பன அஞ்சு வருசம் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனது நாந்தான அம்மிணி. டாக்டர்கிட்டப் போனா அவரு அதையே சொல்லிப்போடுவாருன்னு எனக்குத்தான் பயமா இருந்துச்சு. போற வரைக்கும் ஒண்ணுமில்லைன்னு இருக்கலாமல்ல, அதுக்குத்தான்." இத்தனை நாள் இந்தப் பயத்தை நான் ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு திரிந்ததாக நினைத்தேன், இதே வீட்டில், இதே கூரைக்குக் கீழே, இன்னொரு ஆளும் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். "போலாமுங்க" என்றேன். "நாளைக்கு ஜெய்தூன் வந்துட்டுப் போகட்டும், பொறவு கோயமுத்தூர் போலாம். வெறும் புரையாக்கூட இருக்கும்." "இருக்கும்" என்றார். குரல் சரியாக இல்லை. நான் விளக்குப் போடவில்லை, முதுகுக்குப் பின்னால் வெளிச்சம், முகம் இருட்டாக இருக்கிறது, இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்க முடியவில்லை. கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டேன். ஈரமாக இருக்கிறது. குளித்த ஈரமாக இருக்கும் என்று நினைத்துத் துண்டை வாங்கித் துடைத்தேன், மறுபடி ஈரமாயிற்று, தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும், இது சூடாக இருக்கிறது.